நாற்காலியின் பாகப்பிரிவினை

நெவியானா இறந்து நான்கு மாதம் ஆகியும் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் சூடு அடங்கவில்லை. செப்டம்பரில், தெருவே முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த வாரத்தில், அவள் அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து சுட்ட மிளகாயின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம்" என்றாள். எதற்கு ஒரு நிமிஷம் என்று தெரியாமலே போயிற்று. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாக மருத்துவர் சொன்னார். புதைத்தார்கள். படம் போட்ட இறப்பு அறிவிப்பை வாசற்கதவில் ஒட்டினார்கள். நாற்பதாம் நாள் அவித்த கோதுமையைச் சர்க்கரை தூவிக் கிண்ணங்களில் கொடுத்தார்கள். அப்போதும் அந்த நாற்காலியின் தோல் இருக்கை, ஆள் இப்போதுதான் எழுந்து போனதுபோலச் சூடாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் உறைபனி பூத்த ஜனவரியிலும் அப்படியே இருந்தது.

காப்ரோவோவில் இதைக் கேட்டு யாரும் சிலுவைக் குறி போட்டுக்கொள்ளவில்லை. பூனை உள்ளே வரும்போது அதன் வால் நுழைந்து முடியும்வரை கதவு திறந்திருக்க வேண்டும், அதற்குள் வீட்டுச் சூடு வெளியே போய்விடும் என்பதால் வாலை நறுக்கிவிடுகிறவர்கள் என்று பெயர் வாங்கிய ஊர் அது. மின்சாரம் முறை வைத்து வந்துபோன எண்பத்தைந்தாம் வருடக் குளிர் வேறு. விறகில்லாமல் ஒரு நாற்காலி சூடாக இருக்கிறது என்றதும் ஊர் கேட்ட முதல் கேள்வி, அது ராத்திரியிலும் எரிகிறதா என்பதுதான். பக்கத்து வீட்டு சோன்கா, நூற்பாலை இரைச்சலில் கத்திக் கத்தி வாய் பெருத்த பெண், ஈரக் காலுறைகளோடு வந்து நின்றாள்.

"அதுல எதையும் போடாதீங்கக்கா" என்றான் நெவியானாவின் கணவன் ராதோய்.

"போடலடா. சும்மா பக்கத்துல காட்டறேன். உன் பொண்டாட்டி உசுரோட இருந்தப்பவே எனக்கு அடுப்புல பாதி குடுத்தவ. இப்ப மட்டும் கோவிச்சுக்குவாளாக்கும்?"

ராதோய்க்கு முப்பத்தொரு வயது. மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறந்ததும் பாடநூலின் முதல் பக்கத்தை வாய்ப்பாடு மாதிரி மாணவர்களை ஒப்பிக்க வைப்பான். பொருளும் விசையும் ஆற்றலும் இயற்பியலுக்கு. ஒன்று எதனால் ஆனது, எதுவாக மாறும் என்பது வேதியியலுக்கு. உயிருள்ளதெல்லாம் உயிரியலுக்கு, அதில் வேர்விட்டு நிற்பது தாவரவியலுக்கு, எழுந்து ஓடுவது விலங்கியலுக்கு. காலுக்குக் கீழே நிலவியல், தலைக்கு மேலே வானியல், தலைக்கு உள்ளே உளவியல். உலகம் இப்படிச் சேதாரமில்லாமல் பங்கு போடப்பட்டிருப்பதை அவன் நம்பினான். நம்பியதால்தான் தலைநகரில் இருந்த அனைத்து அறிவியல் கழகத்துக்கு எழுதிப்போட்டான். நாற்காலி ஏன் சூடாக இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. அது எப்போது அடங்கும் என்று மட்டும் கேட்டான். பள்ளி விட்டு வந்ததும் மேலங்கியைக் கூடக் கழற்றாமல் இருக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது அவன் வழக்கமாகியிருந்தது. சூடு இருக்கும். நாளைக்கு இருக்குமா என்பது தெரியாமல் அவனால் சாப்பிட முடியவில்லை.

ஜனவரிக் கடைசியில் கழகம் ஒரு பேருந்தில் வந்து இறங்கியது. பட்டங்களோடு சேர்ந்த பெயர்கள் நீளமாக இருந்ததால் தெரு அவர்களை அவரவர் துறையின் பெயராலேயே கூப்பிட்டது. இயற்பியல் உயரமாக இருந்தார், சளி பிடித்திருந்தது. மூன்று நாள் வெப்பமானியோடு உட்கார்ந்துவிட்டு, ஆற்றல் எங்கிருந்தாவதுதான் வர முடியும், இது வருமிடம் தெரியவில்லை, ஆகவே வரவில்லை என்று கொள்வதே முறை என்றார். சொல்லிக்கொண்டே கைகளை இருக்கையில் தேய்த்துக்கொண்டார். வேதியியல் மெருகைச் சுரண்டி எடுத்து நாலு குப்பிகளில் போட்டு, நாற்காலி இப்போது இன்னும் சுத்தமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். உயிரியல், வெப்பநிலை மாறாத ஒன்றை வெப்ப ரத்தப் பிராணி என்றுதான் தற்காலிகமாக வகைப்படுத்த முடியும் என்றார். அது என்ன தின்கிறது என்று பார்க்க முன்னால் ஒரு தட்டு ஓட்ஸ் வைத்தார். இனம் பெருக்குமா என்று பார்க்கப் பள்ளியிலிருந்து இன்னொரு நாற்காலியை வரவழைத்து ஒரு வாரம் அறைக்கதவைச் சாத்திவைத்தார். ஓட்ஸை எலி தின்றது. உயிரியலோடு வந்திருந்த தாவரவியலும் விலங்கியலும் அதையும் குறித்துக்கொண்டார்கள்.

தரைக்கு அடியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது என்பதில் நிலவியலுக்குச் சந்தேகமே இல்லை. அடுக்களைத் தரையைத் தோண்டினார். இரண்டு ஆள் ஆழத்தில் பக்கவாட்டில் திரும்பி, சோன்காவின் நிலவறைச் சுவரை உடைத்துக்கொண்டு அவளுடைய முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்குள் இறங்கினார். "ஏய்யா நிலவியலு, பூமிக்கடியில என்னத்தக் கண்டுபிடிச்ச? என் கோஸையா? அது அங்கதான் இருக்குன்னு எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!" என்று அவள் மேலேயிருந்து கத்தியது நூற்பாலை வரை கேட்டது. வானியல் பகலில் வந்து, நாற்காலி மிகவும் பக்கத்தில் இருப்பதாக வருத்தப்பட்டது. ஒரு நூறு கோடி மைல் தள்ளி இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். உளவியல் நாற்காலியைப் பார்க்கவே இல்லை, ராதோயைத்தான் பார்த்தாள். சூடு இருக்கையில் இல்லை, இழப்பைத் தாங்காத மனதில் இருக்கிறது என்று அவள் ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கியபோது, அவளுடைய நனைந்த கையுறைகள் அந்த இருக்கையில் காய்ந்துகொண்டிருந்தன. கணிதம் வரவில்லை. வரத் தேவையில்லை என்று நிரூபித்திருந்தது. யாரும் கூப்பிடாத பொருளாதாரம் மட்டும் தானாக வந்து, தானும் ஒரு அறிவியல்தான் என்று வாசலில் கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு, அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் தக்க விகிதத்தில் மனைவிகள் இறந்தால் மாவட்டத்தின் நிலக்கரிச் செலவு கணிசமாகக் குறையும் என்று கணக்குக் காட்டியது. காப்ரோவோக்காரர்கள் சிலர் தங்கள் மனைவிகளை யோசனையோடு பார்த்தார்கள்.

ஒவ்வொருவர் கிளம்பும்போதும் ராதோய் வாசல்வரை போய்க் கேட்டான். எப்போது அடங்கும்? நல்ல கேள்வி என்று எல்லோரும் சொன்னார்கள். தன் துறையின் கேள்வி அல்ல என்றும் எல்லோரும் சொன்னார்கள்.

பிப்ரவரியில் சண்டை தொடங்கியது. நாற்காலியைத் தலைநகருக்கு எடுத்துப்போக வேண்டும் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. யாருடைய ஆய்வகத்துக்கு என்பதில்தான். அப்பன் செத்த வீட்டில் அண்டாவுக்கு அடித்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகள் மாதிரி, அடுக்களைக் குழியைச் சுற்றி நின்று கத்தினார்கள். ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டிருந்ததால் நாற்காலி தரையைத் தொடாமல் நின்றது. கடைசியில் கழகத்தின் செயலாளர், பென்சேவா என்ற ஒல்லியான அம்மாள், பிள்ளைகள் படிக்கும் முதல் பக்கத்தை ராதோயின் மேசையிலிருந்தே எடுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். அவரவர் படிப்பது அவரவருக்கு.

"தோழர் ஆசிரியர், உங்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லையே?"

"எடுத்துட்டுப் போனா, எப்ப அடங்கும்னு சொல்லிடுவீங்களா?"

"அதுக்குத்தானே இவ்வளவு பேரும் வந்திருக்கோம்."

கதவருகே நின்ற சோன்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டேய் ராதோய், பைத்தியமாடா நீ? இருக்கறத வெச்சுக்கோயேன்டா. கையில இருக்கற சூட்டைக் குடுத்துட்டு யாராவது பதில வாங்குவாங்களா?"

அவன் சட்டையை விடுவித்துக்கொண்டான். ஒவ்வொரு சாயங்காலமும் கையை வைப்பதற்கு முன்னால் வரும் அந்த ஒரு நொடி அவனுக்குச் சலித்துப்போயிருந்தது. ஒரு தேதி தெரிந்துவிட்டால் அதுவரை பயமில்லாமல் இருக்கலாம் என்று நினைத்தான். எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

பங்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. கால்களும் சட்டமும் ஒருகாலத்தில் வேர்விட்டு நின்ற பீச் மரம் என்பதால் தாவரவியலுக்கு. இருக்கைத் தோல் ஒருகாலத்தில் எழுந்து ஓடிய மாடு என்பதால் விலங்கியலுக்கு. பசை வேதியியலுக்கு. ஆணிகள் எப்போதோ இரும்புத் தாதுவாக மண்ணுக்குள் கிடந்தவை என்று நிலவியல் அள்ளிக்கொண்டது. இயற்பியல் இரட்டைச் சுவர் வைத்த கண்ணாடிக் குடுவையைத் திறந்து இருக்கை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் பிடித்து, சூட்டைத் தன் பங்காக மூடி எடுத்துக்கொண்டார். வானியலுக்கு எதுவும் வரவில்லை. வெளியே போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. உளவியல் தன் பங்காக ராதோயையே கேட்டாள். அவன் மறுநாள் பள்ளி இருக்கிறது என்றான்.

அறிக்கைகள் வசந்தத்தில் வந்தன. மரம் நல்ல மரம், அறுபது வயது, தெற்குச் சரிவில் வளர்ந்தது. மாடு பசு, ஒரு கன்று போட்டது. பசை எலும்பிலிருந்து காய்ச்சியது. ஆணிகள் துருப்பிடித்தவை. குடுவையில் ஒன்றும் இல்லை. ஆனால் இவ்வளவு துல்லியமான ஒன்றுமில்லாமை இதுவரை அளக்கப்பட்டதில்லை என்பதால் இயற்பியலுக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. அத்தனை பாகங்களும் வந்து சேர்ந்தபோதே குளிர்ந்திருந்தன என்பதை மட்டும் எல்லாத் துறைகளும் ஒருமனதாகச் சொன்னன. எப்போது அடங்கும் என்ற கேள்வி ஆகவே இனி எழாது என்று பென்சேவா முடித்திருந்தாள்.

ராதோய் படித்துவிட்டு அடுக்களைக் கதவை வெளியிலிருந்து சாத்தினான். வசந்தம் முழுக்கவும் கோடை முழுக்கவும் உள்ளே போகவில்லை. பள்ளி உணவகத்தில் மதியச் சாப்பாடு, ராத்திரி ரொட்டியும் வெண்பாலாடைக்கட்டியும் நின்றபடியே. பார்க்கிறவர்கள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றான். அவன் குரலில் அது பொய் மாதிரியும் இல்லை, உண்மை மாதிரியும் இல்லை. சோன்கா அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ஒரு தூக்குச் சட்டியில் பீன்ஸ் சூப்பை வாசலில் வைத்துவிட்டு, கதவில் ஒட்டியிருந்த நெவியானாவின் படத்தைப் பார்த்து, "உன் புருஷன் ஒரு முட்டாள்டி" என்று அவனுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போவாள்.

வருடத் திதிக்குக் கோதுமை அவிக்க வேண்டியிருந்தது. முந்தின நாள் சோன்கா கேட்காமலே அடுக்களையைத் திறந்து, நிலவியலின் குழிமேல் ஒரு பலகையைப் போட்டு, அடுப்பை மூட்டினாள். அவித்த கோதுமையை வடிகட்டிக்கொண்டு திரும்பியவளின் முழங்கை, நாற்காலி இருந்த இடத்தில், இருக்கை உயரத்தில், வெறும் காற்றில் பட்டது. அவள் வடிதட்டைக் கீழே வைத்தாள். இன்னொரு முறை கையை நீட்டிப் பார்த்தாள்.

"ராதோய். இங்க வா."

"அப்புறம் வரேங்கா."

"எருமை மாடே, இப்ப வாடான்னா!"

அவன் வந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அங்கே மரமில்லை, தோலில்லை, பசையில்லை, ஆணியில்லை. ஒருவர் உட்காரும் அகலத்துக்குச் சூடு இருந்தது. அதே சூடு. அவன் கையை எடுக்கவில்லை. முகம் மாறவில்லை. அடுப்பில் ஏதாவது தீய்கிறதா என்று கேட்டான். எதுவும் தீயவில்லை என்று அவள் சொன்னாள்.

"கழகத்துக்கு எழுதப் போறியா?"

"எதுக்கு?"

"நல்லவேளை" என்றாள் சோன்கா. "எழுதினா காத்தைப் பங்கு போட ஒரு பஸ் நிறைய வந்து எறங்குவானுங்க."

மறு வாரம் அவள் ஒரு மண் சட்டி நிறைய ஆட்டுப்பால் காய்ச்சிக்கொண்டு வந்தாள். கை பொறுக்கும் சூட்டில் பாலில் உறை ஊற்றி, அந்த இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, மேலே சட்டியை வைத்துத் துணியால் மூடினாள். ராதோய் பார்த்துக்கொண்டிருந்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. காலையில் தயிர் கத்தியால் வெட்டும்படி இருந்தது. அப்புறம் கீழ்த் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள், நூற்பாலையிலிருந்து இரண்டு பேர். குளிர்காலத்தில் வேறு வீடுகளில் பால் ராத்திரி முழுக்க நீராகவே கிடந்தபோது, இந்த வீட்டுக்குச் சாயங்காலம் சட்டிகள் வரிசையாக வந்தன. சட்டியைக் கழுவிக் கொண்டுவர வேண்டும், செருப்பை வாசலில் விட வேண்டும் என்பதைத் தவிர ராதோய் எதுவும் சொல்வதில்லை. அந்த அக்டோபரிலிருந்து அவன் அடுக்களையில், முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான். இயற்பியல் ஒருமுறை அந்த வழியாகப் போகும்போது உள்ளே வந்து ஒரு கிண்ணம் தயிர் தின்றுவிட்டு, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வந்ததும் கையை வைத்துப் பார்க்கும் வழக்கத்தை ராதோய் விட்டுவிட்டான். எப்போது அடங்கும் என்று இப்போது யாரையும் கேட்பதில்லை. அடங்கினால் மறுநாள் காலையில் பால் பாலாகவே இருக்கும். தெரிந்துவிடும்.