நடுவுக்கு வராத உடம்பு

ஜெஸீமா டீச்சர் உள்ளே வந்ததுமே, ஸ்கேன் எடுக்கிற கிளைவின் பார்வை அவர் முகத்தில் போய் நின்றது. டீச்சருடைய கண்ணின் வெள்ளை மஞ்சளாகிக் கிடந்தது. போன நோன்புக்கு முன்னால் வயிற்று வலியென்று இதே வெள்ளவத்தை ஸ்கேன் நிலையத்துக்கு வந்தபோது ஒல்லியாக இருந்தாரே தவிர, நடையில் தளர்ச்சி இல்லை. இப்போது கணவர் அஷ்பாக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தார்.

அஷ்பாக் காலி வீதியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். பெரிய ஆஸ்பத்திரியில் அங்கேயே ஸ்கேன் எடுக்கச் சொன்னார்களாம். இவர்தான் அடம்பிடித்து மனைவியை இங்கே கூட்டிவந்திருக்கிறார். பொம்பிளைகளுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த இடம் இது ஒன்றுதான் என்று வரவேற்பில் இருந்த பிள்ளையிடமும் சொன்னார், கிளைவிடமும் சொன்னார். கிளைவ் சிரித்து வைத்தான்.

அந்த மரியாதை வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு மனிதர், தன் மனைவியின் இடுப்பைக் கிளைவ் பிடித்து மேசையில் நேராக்கியதைக் கண்ணாடியூடாகக் கண்டுவிட்டு, வாசலில் நின்று ஊரைக் கூட்டினார். அவர் என்ன சமயம் என்பதுகூட இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது. இனிமேல் முஸ்லிம் பெண்கள் வந்தால் கிளைவ் கிட்டே போகக் கூடாது, உதவிக்கு நிற்கும் மேபல்தான் படுக்கவைக்க வேண்டும். அந்தப் பெண்களில் ஒருத்தியிடமாவது இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், இல்லை.

மேபலக்கா நல்ல மனுசி. அந்த வேலையை அவருக்கு யாரும் படிப்பிக்கவில்லை, அவ்வளவுதான். இயந்திரத்தின் பக்கத்தில் கிளைவ் ஒரு பிளாஸ்டர் துண்டை ஒட்டி, மேசையை அந்த மட்டத்துக்கு உயர்த்தினால் போதும் என்று சொல்லிவைத்திருந்தான். தடித்தவருக்கும் அந்தத் துண்டுதான், மெலிந்தவருக்கும் அந்தத் துண்டுதான். ஒரே அளவில் சட்டை தைத்து ஊருக்கெல்லாம் போட்டுவிட்ட மாதிரி.

இயந்திரம் அப்படி விட்டுக்கொடுக்காது. உடம்பு அதன் வளையத்துக்கு நட்டநடுவில் இருக்க வேண்டும். முதலில் மேலேயிருந்து ஒரு முன்னோட்டப் படம் எடுத்து, ஆள் எவ்வளவு பருமன் என்று கணித்து, அதற்கேற்ற கதிர்வீச்சை அதுவே அளந்து விடும். ஆள் உயரக் கிடந்தால் பெருத்துத் தெரிவார், தேவைக்கு மேலே கதிர்வீச்சு பாயும். தாழக் கிடந்தால் சிறுத்துத் தெரிவார், கதிர்வீச்சு குறைந்து படம் முழுக்க மணல் தூவினது போலாகிவிடும். இதெல்லாம் கிளைவ் சோதனை எழுதிப் பாஸ் பண்ணின பாடம். தெரியாதவன் செய்தால் மன்னித்துவிடலாம். எல்லாம் தெரிந்துகொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தவனை என்னவென்று சொல்வது?

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்று பழைய படத்தைத் திறந்தான். டீச்சரின் மெலிந்த உடம்பு வளையத்தின் அடியில் தாழ்ந்து கிடந்தது. கணையம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மணல். அன்றைக்கு அறிக்கை எழுதுகிற டொக்டர் போன் எடுத்து, படம் ஏன் இப்படி, திரும்ப எடுப்போமா என்று கேட்டார். நோயாளி அசைந்துவிட்டார், இன்னொரு தரம் எடுத்தால் அவருக்குத்தான் வீணாக இரட்டிப்புக் கதிர்வீச்சு என்று கிளைவ் நல்ல பிள்ளை மாதிரிப் பதில் சொன்னான். வெளியே ஆட்கள் நிறைந்து கிடந்ததைச் சொல்லவில்லை. அசைந்தால் படத்தில் விளிம்புகள் இரட்டையாகும், மணல் விழாது. அது டொக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவரும் நோயாளி அசைந்ததால் படம் தெளிவில்லை, தெரிந்த அளவில் பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிக் கையைக் கழுவிவிட்டார். அதை நம்பி, காஸ்ட்ரிக் குளிசையை விழுங்கிக்கொண்டு டீச்சர் இத்தனை மாதத்தையும் ஓட்டியிருக்கிறார்.

மேபலக்கா வழக்கம்போல டீச்சரை உள்ளே கூட்டிப்போகப் பார்த்தார். தானே படுக்கவைப்பதாகக் கிளைவ் சொன்னான். டீச்சரின் புருசன் வாசலில் நிற்கிறார், வீண் வம்பு வேண்டாம் என்று மேபலக்கா அவன் காதோடு சொன்னார். கிளைவ் வெளியே போய் அஷ்பாக்கிடம் அனுமதி கேட்டான். அவர் ஒரு கணம் விழித்தார்.

"அதுக்கென்ன தம்பி. ஒங்கட வேலதானே?"

அவ்வளவுதான். இத்தனை வருடம் கட்டிக் காத்த மரியாதை ஒரே பேச்சில் முடிந்தது. கிளைவுக்குத் தன் கன்னத்தில் தானே அறைய வேண்டும் போலிருந்தது.

டீச்சரைப் படுக்கவைத்து, மேசையை மெல்ல உயர்த்தினான். சிவப்பு ஒளிக்கோடு அவருடைய விலாவின் சரிபாதியில் விழும்வரை ஏற்றினான். பிளாஸ்டர் துண்டைத் தாண்டி வெகு மேலே போக வேண்டியிருந்தது. இடுப்பைப் பிடித்து நேராக்குமுன், அஷ்பாக் நானாவிடம் கேட்டுவிட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அவர்ட்டயா கேட்டீங்க?" டீச்சர் பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவர். பிழையான விடையைக் கண்ட குரல் இன்னும் போகவில்லை. "போன முறை ஏன் வரல்ல?"

"ஒரு மரியாதைக்குத்தான் டீச்சர்."

"என்ட ரெண்டு புள்ளயயும் வயித்த வெட்டி எடுத்தது ஆம்புள டொக்டர்மார்தான். எனக்கு வெக்கம் ஈக்கிதா இல்லயாண்டு எங்கிட்டல்லவா கேக்கணும், மகன். அது மரியாத இல்ல, ஒங்கட பயம்."

கிளைவ் அவருடைய கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தான். எலும்புதான் கையில் பட்டது.

"நான் அசஞ்சிட்டேண்டு செல்லி ஈந்தீங்க," என்றார் டீச்சர், கூரையைப் பார்த்துக்கொண்டு. "நான் அசயல்ல. செல்லின நேரமெல்லாம் மூச்சப் புடிச்சிட்டுத்தான் ஈந்தன். அவரு இன்னும் செல்லிக் காட்றாரு. நீ ஒழுங்காப் படுத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமேண்டு. ராவைக்கு அழுவுறாரு, அதயும் செல்லித்தான் அழுவுறாரு."

"நீங்க அசையேல்ல டீச்சர்," என்றான் கிளைவ். "மேசைதான் தாழ இருந்தது. நான் வந்து பாத்திருக்க வேணும்."

டீச்சர் கண்களை மூடிக்கொண்டார். கோபப்படுவார் என்று கிளைவ் காத்திருந்தான். அவர் கோபப்படவில்லை.

"படம் எப்பிடி வந்தாலும் பரவால்ல. அத மட்டும் அவர்ட்டச் செல்லுங்க. நான் மௌத்தாப் போன பொறகும் அந்த மனுசன் என்னக் கொற செல்லிட்டு ஈக்கக் கூடாது."

"சொல்றன் டீச்சர்," என்றான் கிளைவ். மனதாரத்தான் சொன்னான்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பொத்தானை அழுத்தினான். கை நரம்பில் மருந்து ஏறியது. மூச்சை அடக்கச் சொன்னபோது அந்த மெலிந்த நெஞ்சு அப்படியே நின்றது. படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. ஒரு மணல் இல்லை, ஒரு கீறல் இல்லை. கணையத்தின் தலையில் கட்டி. ஈரலில் அங்குமிங்குமாகக் கறுப்புப் புள்ளிகள். அறிக்கைக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை. கிளைவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

மேபலக்காவின் தோளைப் பிடித்தபடி டீச்சர் வெளியே வந்தார். அஷ்பாக் கதிரையிலிருந்து துள்ளி எழுந்து கிளைவிடம் வந்தார்.

"படம் தெளிவா வந்திச்சா தம்பி?"

"ஓம் நானா. நல்ல தெளிவு."

"அல்ஹம்துலில்லாஹ்." அவர் முகம் மலர்ந்தது. மனைவியின் பக்கம் திரும்பி, ஒரு குழந்தையைப் பாராட்டுவதுபோல அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தார். "பாத்தீங்களா தம்பி? இந்த முறை அசயாமப் படுத்திக்கிறா."

டீச்சர் கிளைவைப் பார்த்தார். வாசலில் வரவேற்புப் பிள்ளை நின்றாள், முதலாளியின் அறைக் கதவு திறந்து கிடந்தது, வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளைவ் வாயைத் திறந்தான். அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டான்.