துருக்கிக்காரருக்கு நான் துருக்கி படித்துக் காட்டியது

துருக்கி மொழியில் எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இருந்தும் 2006ஆம் வருடம், முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் உட்கார்ந்து, இஸ்தான்புல்லில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு அவருடைய தாய்மொழியிலேயே பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டியவன் நான். அதுவும் அவரைவிட நூறு மடங்கு வேகமாக. நம்பாதவர்கள் நம்பாமலே மேலே படிக்கலாம்.

வந்தவர் பெயர் நெஜாத். சரக்கு வாங்குகிற கம்பெனி அனுப்பிய இன்ஸ்பெக்டர். மீசை மட்டும் கால் கிலோ தேறும். கையில் பன்னிரண்டு பக்கத் துருக்கிக் காகிதம். எந்தப் பெட்டியில் எதைப் பார்க்க வேண்டும் என்று அதில் வரிவரியாக இருக்கும். ஒவ்வொரு வரியையும் படித்து, சரக்கைப் பார்த்து, டிக் அடித்து, கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும். லாரிக்கு மாலை ஐந்து மணி கெடு. காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவர், பதினொன்றுக்கு முதல் பக்கத்தின் பாதியில் இருந்தார்.

எங்கள் குவாலிட்டி மேனேஜர் ஞானசம்பந்தத்துக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. அதாவது, தப்பாகப் புரிந்துவிட்டது.

"இது படிக்கிறதில்லீங்க, இழுக்கிறது. மனுசன் என்னமோ எதிர்பார்க்கறாருங்க" என்று என் காதில் சொன்னார்.

அவ்வளவுதான், உபசாரம் ஆரம்பமானது. நாற்பது இளநீர் வந்தது. சரி, நான்கு. அப்புறம் முறுக்கு, அதற்கப்புறம் மடித்துக் கட்டிய சென்னிமலைப் போர்வை. ஒவ்வொன்று வரும்போதும் நெஜாத் தலை நிமிர்ந்து நன்றி சொல்வார். சொன்னதில் வரி தொலைந்துபோகும். மறுபடி மேலிருந்து தொடங்குவார்.

கண்டுபிடித்தது ராக்கம்மாள்தான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். பெட்டி அடுக்குவதில் புலி. ஆனால் ஸ்டிக்கரைப் படிக்கச் சொன்னால் எழுத்து எழுத்தாக ஊர்ந்துதான் போவார். அதனால் எங்கள் செக்‌ஷனில் பட்டியலை நான் உரக்கக் கூப்பிடுவேன், அவர் காதில் வாங்கி அடுக்குவார். பதினோரு வருடத்தில் ஒரு பெட்டி தவறியதில்லை.

"அண்ணாச்சி, அவரு விரலைப் பாத்தியளா? நானும் இப்படித்தான் ஊனி ஊனிப் படிப்பேன். எழுத்தெல்லாம் தெரியும், தப்பா வராது. மெதுவாத்தான் வரும். நீங்க கூப்பிடுங்க, அவரு காதுல புடிச்சுக்கிடுவாரு."

"துருக்கியிலயா?"

"எனக்கு இங்கிலீசு ஸ்டிக்கர் கூப்பிடுதியளே, அதெல்லாம் அர்த்தம் தெரிஞ்சா கூப்பிடுதிய?"



மேனேஜர் சம்பந்தம் சாப்பிட வீட்டுக்குப் போன நேரம் பார்த்து நெஜாத்திடம் மெல்லக் கேட்டேன். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே அளவுக்கு நொண்டி என்பதால் நன்றாகவே பேசிக்கொண்டோம். சின்ன வயசிலிருந்து இப்படித்தானாம். வீட்டில் மனைவி படிப்பார், இவர் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வார். இந்தத் தடவை காகிதமே அன்று காலைதான் வந்திருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பியது இதுதான் முதல் முறை. ஆபீசுக்குத் தெரிந்தால் பழையபடி குடோன் வேலைதான். இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயராம். சேற்றுப்புண் மருந்து மாதிரி இருக்கிறதே என்றேன். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். இங்கிலீஷ் எழுத்தேதான், சிலதுக்குத் தலையில் புள்ளி, சிலதுக்குக் காலில் வால். ஒரு எழுத்துக்கு ஒரு சத்தம், எங்கே போனாலும் அதே சத்தம். இங்கிலீஷைப் போல ஆளை ஏமாற்றாது. இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் கற்றுக்கொண்டேன். ராக்கம்மாள் ஆறு டீ என்பார். அவருக்கு டீக்கணக்கு வராது.

பிறகு கூப்பிட்டேன் பாருங்கள், வீரபாண்டி வரை கேட்டிருக்கும். நெஜாத் கண்ணை மூடிக் கேட்பார். என் உச்சரிப்புக்கு வயிற்றைப் பிடித்துச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் நேரே உரிய பெட்டிக்குப் போய், பிரித்துப் பார்த்து, டிக் அடிப்பார். பழக்கதோஷத்தில் வரிக்கு வரி கடைசியில் ஒரு "ங்க" சேர்த்துக்கொண்டிருந்தேன். துருக்கியில் அது கிடையாது என்று பணிவாகச் சொன்னார்.

மூன்றரைக்குப் பன்னிரண்டு பக்கமும் முடிந்தது. நாற்பது பெட்டியை மட்டும் தனியே எடுத்து வைத்தார். குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வந்த சம்பந்தம் டிக்குகளைப் பார்த்தார்.

"அதுக்குள்ளயா? யாருங்க படிச்சா?"

"நானுங்க."

"நீங்க இங்கிலீசு லெட்டருக்கே என்றகிட்ட அர்த்தம் கேட்டுத்தானுங்க போவீங்க! இந்தாளு படிக்காமயே டிக் அடிச்சிருக்காரு. நாளைக்குச் சரக்கு திரும்பி வந்தா யாருங்க பதில் சொல்றது? இப்பவே இஸ்தான்புல்லுக்குப் போன் போடறேன்."

தமிழ் தெரியாவிட்டாலும் இஸ்தான்புல் என்ற சொல் நெஜாத்துக்குப் புரிந்துவிட்டது. மீசையே வெளுத்தது.

"போனை அப்புறம் போடுங்க" என்றேன். "இதே காகிதம் உங்ககிட்ட இங்கிலீஷ்ல இருக்குதல்லங்க? ஏதாச்சும் ஒரு இடம் நீங்களே காட்டுங்க."

சம்பந்தம் துருக்கிக் காகிதத்தில் ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டி நடுவில் விரல் வைத்தார். நான் கூப்பிட்டேன். நெஜாத் கண்ணை மூடிக் கேட்டு இங்கிலீஷில் சொன்னார்: குழந்தைகள் டீ-ஷர்ட், காலர் வைத்தது. உபரியாக ஒரு பொத்தான், சின்னக் கவரில், உள்பக்கம்.

சம்பந்தம் இங்கிலீஷ் காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

நெஜாத் அந்த நாற்பது பெட்டியைக் காட்டினார். சம்பந்தமே ஒன்றைப் பிரித்தார். பொத்தான் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. எல்லாப் பெட்டியிலும் 'பாஸ்' என்று போன வாரம் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். வேகமாகப் படிக்கிறவராயிற்றே!

கையில் போனோடு நின்றார். இன்ஸ்பெக்டருக்குப் படிக்கவே வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சம்பந்தம் தப்பித்துக்கொள்வார், நெஜாத் கதை முடிந்தது.

"பொத்தான் ஸ்டோர்ல கெடக்கு. நாங்க பதினஞ்சு பேரு உக்காந்தா ஒரு மணி நேர சோலி" என்றார் ராக்கம்மாள், யாரையும் பார்க்காமல்.

சம்பந்தம் எண்ணை அழுத்தினார். எடுத்தது எங்கள் முதலாளி.

"ஏனுங்க, லாரி கொஞ்சம் லேட்டாகுமுங்க. பொத்தானை நாந்தானுங்க பாக்காம உட்டுட்டேன்... இன்ஸ்பெக்டர் புடிச்சுட்டாருங்க. இல்லீங்க, ஒரு வரி உடாம ஒழுங்காப் பாத்திருக்காருங்க... படிச்சதுங்களா?"

விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"நம்ம இளங்குமரன் படிச்சாருங்க. ஆமாங்க, துருக்கிதானுங்க. குடிக்கலீங்க, ரெண்டு பேருமே குடிக்கலீங்க. நெசமாவே நடந்துச்சுங்க, நானே கேட்டனுங்க."