பஸ் ஏழு ஐம்பதுக்கு வந்தது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

‘பனி படர்ந்த மறைமலைநகரில்…’ (அடித்துவிட்டேன். அன்று பனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.)

2008. அங்கே ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு ஜாவாவில் வருகைப்பதிவு மென்பொருள் எழுதினேன். எட்டு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் தாமதமானால் அதில் வந்தவர்களுக்கு ‘லேட்’ போடக்கூடாது என்பது வழக்கம். எனவே வாசலில் அட்டையைத் தேய்த்ததும், ‘பஸ் எப்போது வந்தது?’ என்று பஸ் ஷெட் கணினியை மென்பொருள் கேட்கும்.

சோதனை செய்யும்போது ஷெட் கணினி எங்கள் கைக்கு வரவில்லை. அதன் இடத்தில் ஒரு டம்மியை வைத்தேன். தொழிலில் அதற்கு ‘மாக்’ என்று பெயர். சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லும். எப்போது கேட்டாலும் ‘ஏழு ஐம்பது’ என்றது. சோதனைகள் எல்லாம் பச்சை விளக்கு.

2

துர்காதேவி. (நிஜப் பெயர் வேறு.) செங்கல்பட்டு பஸ்ஸில் வரும் பயிற்சித் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளர்கள் லேட் விழுந்தால் முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். பயிற்சியில் இருப்பவருக்கு மாதத்தில் மூன்று விழுந்தால் வேலை போய்விடும். மூன்றாவது விழுந்த அன்று என் முன்னால் வந்து நின்றாள்.

“எட்டே காலுக்குத்தான் சார் பஸ்ஸே வந்துச்சு. நீங்களே ஷெட்ல ஒரு வார்த்தை கேளுங்க சார்.”

திரையைப் பார்த்தேன். “கம்ப்யூட்டர் கேட்டுடுச்சும்மா. ஏழு ஐம்பதுன்னுதான் சொல்லுது.”

அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். டம்மியை அமர்த்தும் கோப்பு சோதனையோடு நிற்காமல் நிஜ மென்பொருளுக்குள்ளும் போயிருந்தது. ஷெட் பதிவில் அன்றைக்கு எட்டே கால் என்றுதான் இருந்தது. மேலாளர் ராஜாராமிடம் சொல்லப் போனேன்.

“இன்னாப்பா, டெஸ்ட்டு எல்லாம் பச்சையாத்தான கீது? அப்பால இன்னா பேஜாரு?”

ஒன்றுமில்லை என்றேன். கோப்பை நீக்கினேன், வாயை மூடிக்கொண்டேன். ஒரு வருடமாகியும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

3

முடிவு ஒன்று: மாமல்லபுரம் கடற்கரையில் எதிர்ப்படுகிறாள். எல்லாவற்றையும் சொல்கிறேன். “விடுங்க சார்,” என்கிறாள்.

முடிவு இரண்டு: அவளுக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கிறது. “விடுங்க சார்.”

முடிவு மூன்று: திட்ட வாயெடுக்கிறாள், என் முகத்தைப் பார்த்ததும்…

பாதியில் நிறுத்திவிட்டேன். இவளும் டம்மிதான். நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள், என் கதையும் பச்சையாகிவிடுகிறது. அன்று ஷெட்டைக் கேட்காதவன் இன்று இவளையும் கேட்கவில்லை.

4

ஆகவே டம்மியை இங்கே எடுத்துவிடுகிறேன். பழைய கோப்பில் அவள் வீட்டு எண் இருந்தது. இன்று காலை அழைத்தேன்.

“அலோ, யாரு?”

என்னுடைய மூன்று முடிவுகளிலும் அவள் என்னை எதுவுமே கேட்கவில்லை.

பெயரைச் சொன்னேன், கம்பெனியைச் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது.

“அன்னிக்கு பஸ் எட்டே காலுக்குத்தாம்மா வந்துச்சு. நீங்க சொன்னதுதான் நிஜம். தப்பு என்னோடது.”

அவள் பதில் சொன்னாள். அது அவளுடைய பேச்சு. இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். தயவுசெய்து நீங்களும் ‘விடுங்க சார்’ என்று நிரப்பிவிடாதீர்கள்.

“ ”