முதல் சக்கரம் பட்ட கட்டம்

உலகச் சண்டையின்போது வெள்ளைக்காரன் போட்ட ஏரோட்ரத்தில் எங்கள் ஊருக்கு மிஞ்சியது அரை மைல் சிமெண்டுத் தரை. சண்டை முடிந்த இருபத்து மூன்று வருஷமாக அதில் இறங்குவது மல்லாட்டைதான், வேர்க்கடலை. காயப்போட வீட்டுக்கு ஒரு கட்டம். என் கட்டத்துக்கு அடுத்தது என் ஓரகத்தி பெரியம்மாளுடையது. அவளுக்கும் எனக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை.

விதைக்கென்று ஒதுக்கிய மல்லாட்டையை நான் பரப்பிக்கொண்டிருந்த காலையில் சாமிதுரை ஜீப்பில் வந்தார். பட்டாளத்தில் இருந்தவர். ஏரோட்ரத்துக்கு நினைவுச் சின்னம் கட்டப் போகிறாராம். முதல் ஏரோப்ளேனின் சக்கரம் பட்ட இடத்தில்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றார்.

"நேர்ல பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

நான் இருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் இங்கே ஜல்லி சுமந்தவள். சக்கரம் பட்டது சாட்சாத் என் கட்டத்தில்தான். உண்மையைச் சொன்னால் விதை காய இடமில்லை. ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும், அடுத்த பட்டத்துக்கு ஊரெல்லாம் கையேந்த வேண்டும்.

"எங்க அக்கா கட்டத்துலதாங்க," என்று கூசாமல் கை காட்டினேன். "சக்கரத்துலேர்ந்து புகை வந்துச்சு. ரெண்டு கண்ணால பாத்தேங்க."

பெரியம்மாளும் அன்று என்னோடு ஜல்லி சுமந்தவள்தான். என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று பார்த்தால், "அவ சொல்றது சரிதாங்க," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே பாவமாகப் போய்விட்டது.

கொத்தனார்கள் பத்து நாளில் கட்டி முடித்தார்கள். நான் ஒரு தூணைத்தான் எதிர்பார்த்தேன். எழும்பியதோ மண்டபம். மேலே தளம், இடுப்புயரத் திட்டு, திட்டு முழுக்க வழவழவென்று பீங்கான் ஓடு, ஆடு ஏறாமல் சுற்றிலும் கம்பிக் கதவு. அதன் சாவி பெரியம்மாள் இடுப்பில். பார்த்துக்கொள்ளச் சொல்லி சாமிதுரையே கொடுத்தாராம். எனக்கு வயிறு எரிந்தது.

அந்தப் பத்து நாளும் சரியான வெயில் இல்லை. பதினோராம் நாள் தூறல் விழுந்தது. விதையைக் கூடையில் அள்ளிக்கொண்டு, மானத்தை விட்டு மண்டபத்துக்கு ஓடினேன். பெரியம்மாள் உள்ளே சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, தொறக்கா. வெத நனையுது."

"சக்கரம் எங்க பட்டுச்சுன்னு சொல்லு, தொறக்கறேன்."

"என் கட்டத்துலதான். பொய் சொல்லிட்டேன், போதுமா?"

"அது எனக்குத் தெரியாதா? நானுந்தான பாத்தேன்."

"அப்புறம் ஏன் அன்னிக்கு வாயத் தொறக்கல?"

"எங்க வீட்டுக்காரரு, உன் மச்சாண்டாரு, விருத்தாசலத்துல பீங்கான் கம்பெனியிலதான வேல பாக்கறாரு. ஜீப்பு வர்றதுக்கு முன்னாடி, இந்த ஓட்டுக்கு ஆர்டரு வந்தப்பவே மண்டபத்துப் படத்தப் பாத்துட்டு வந்து சொன்னாரு." சாவியைப் பூட்டில் நுழைத்தாள். "நீ எங்க உண்மையச் சொல்லித் தொலைச்சிடுவியோன்னுதாண்டி பயந்துகிட்டு இருந்தேன்."

கதவைத் திறந்து, என் கூடைக்கு ஒரு கை கொடுத்தாள்.