இடப்பக்கத்துக் காது

கிறிஸ்துநாயகம் மாஸ்டர் ஆஸ்பத்திரிக் கட்டிலின் வலப்பக்கத்தில் குனிந்து, யேசுரட்ணத்தின் காதுக்குள் "இயேசு மரி சூசை" என்று மறுபடியும் சொன்னார். கணீரென்ற குரல். ஊரில் கோயில் மூப்பராக இருந்தவர். சாகக் கிடக்கிறவர்களின் காதில் இந்த மூன்று பெயர்களையும் சொல்லி வழியனுப்புவதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் இந்த முறை அவர் செவிட்டுக் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அறையில் அது அவருடைய மனைவி விமலராணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் கட்டிலின் கால்மாட்டில் நின்று கம்பளிச் சட்டையின் கைநுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், இந்தப் பக்கமா வந்து சொல்லுங்கோவன்."

"ஏன் பிள்ளை? இஞ்ச வசதியாத்தானே கிடக்கு."

வசதியாகத்தான் இருந்தது. கட்டிலின் இடப்பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. கைகூட நுழையாது. வந்தவர்களெல்லாம் வலப்பக்கத்து நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து செபமாலை உருட்டினார்கள். நேற்று வந்த டேனிஷ் சுவாமியாரும் அங்கே நின்றுதான் சாகிறவருக்கான அவஸ்தை எண்ணெய் பூசினார். அவர் சொன்னதும் சுவருக்குச் சொன்னதுபோலத்தான்.

"இல்லை, சும்மா கேட்டனான்" என்றாள் விமலராணி.

"நீ கொஞ்சம் பேசாமல் இரு விமலா" என்று அக்கா மேரிசெலின் அதட்டினாள். "என்ன செய்யிறதெண்டு மாஸ்டருக்குத் தெரியும்."

காலையில் டொக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்றைக்குத்தான் என்று மறைக்காமல் சொல்லியிருந்தார். டேனிஷ்காரர்கள் இப்படியான விஷயங்களில் வழவழவென்று வெண்டைக்காயில் விளக்கெண்ணெய் கலப்பதில்லை. போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: கண் மூடிக் கிடந்தாலும் காது கேட்கக்கூடும், கடைசியாகப் போவது அதுதான், ஆகவே கதையுங்கள். விமலராணி அதைத் தமிழில் சொன்னதும் எல்லோருக்கும் ஒரு தெம்பு வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் வரவில்லை. அந்தப் பெயர்கள் காதில் விழுந்து, மனதுக்குள் 'ஆமென்' சொல்லிக்கொண்டு போகிறவனுக்குத்தான் நல்மரணம். அப்படித்தான் அவள் வளர்ந்தாள். அது இந்த மனிதனுக்கு ஒரு சாண் தூரத்தில் தவறிப்போகப் போகிறது.

யேசுரட்ணம் பேசாலை என்ற கடலோர ஊர்க்காரர். வாலிப வயதில் ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் சேர்ந்து, அந்த இரைச்சலுக்கும் காதுக்குள் வந்த சீழுக்கும் வலது காதைக் கொடுத்துவிட்டு, கொப்பன்ஹேகனில் கரையேறியவர். பிறகு வேறொரு கப்பலில் வேலை கிடைத்தது. ஆராய்ச்சிக் கப்பல். கோடை பிறந்ததும் கிறீன்லாந்துப் பக்கம் பனிக்கட்டி ஓரமாகப் போய், நீரோடு மிதக்கிற சின்னஞ்சிறு உயிர்களைச் சத்தத்தால் தேடும் வேலை. கப்பலின் அடியில் இருக்கும் கருவி கடலுக்குள் சத்தத்தை விடும். அது கூனி இறால் கூட்டத்திலோ அரிசியளவு பூச்சிகளிலோ பட்டுத் திரும்பி வரும். வந்ததை ஓர் ஊசி கடதாசிச் சுருளில் கறுப்பாகக் கீறும். கருவியையும் ஊசியையும் கடதாசியையும் பார்த்துக்கொள்வது யேசுரட்ணம்.

தமிழர்கள் கூடியிருந்த இஷொயில் ஒரு ஞானஸ்நான விருந்தென்றால் அவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். "பிள்ளைத்தாச்சியின்ர வயித்துக்கு ஸ்கான் எடுக்கிறமாதிரி நாங்கள் கடலுக்கு எடுக்கிறம்" என்பார். "சத்தம் போட்டால் கடல் பதில் சொல்லும்." அகதிகளாக வந்திறங்கி, தொழிற்சாலை வேலைக்குக் காத்திருந்த பெடியள் வாயைப் பிளந்து கேட்பார்கள். சத்தக்காரர் என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்தச் சத்தம் மனிதக் காது எதற்கும் கேட்காது என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார். அவ்வளவு உச்ச சுருதியில் போகிற சத்தம். இரண்டு காதும் இல்லாதவன்கூட அந்த வேலையைச் செய்யலாம். அதைச் சொல்லியிருந்தால் காதைப் பற்றிய பயமே வேண்டியிருக்காது. ஆனால் அவருக்கிருந்த பயம் வேலை போய்விடும் என்பதல்ல, சனம் சிரிக்கும் என்பது. சத்தக்காரன் செவிடனாம் என்று ஒருவன் வாய் திறந்தால், அடுத்த ஞாயிறு பூசைக்குள் அது தூரத்து வைலே நகரம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். நம் ஆட்கள் ஒருவனுக்குப் பட்டம் சூட்டினால் கல்லறைக்கும் அதைக் கொண்டுபோய்ப் பொறிப்பார்கள்.

கலியாணம் முடிந்து அவள் டென்மார்க் வந்திறங்கியதுமே, யாருக்கும் சொல்வதில்லை என்று மடு மாதா மேல் சத்தியம் வாங்கிவிட்டார். அன்றிலிருந்து விமலராணி தெருவில் அவருக்கு இடப்பக்கம் நடந்தாள், பஸ்ஸில் இடப்பக்கம் உட்கார்ந்தாள். வலப்பக்கமிருந்து யாராவது ஏதும் கேட்டால் அவருக்கு முந்திக்கொண்டு அவளே பதில் சொன்னாள். அவருக்குத் தலைக்கனம், அவளுக்கு வாய் என்று சனம் முடிவுகட்டியது. அதையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அவர்கள் இருவரும் பொத்தி வளர்த்தது அந்த இரகசியத்தைத்தான்.

கடைசிப் பயணத்திலிருந்து கண்ணெல்லாம் மஞ்சளாக வந்தார். ஈரலில் கட்டி. போன கிழமை பேச்சிருந்தபோது அவளைக் கிட்டக் கூப்பிட்டு, "சாகுமட்டும் சொல்லிப்போடாதை" என்றார். பிறகு தானே சிரித்து, "செத்தாப் பிறகும் சொல்லாதை" என்றார்.

இப்போது அவருடைய மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் மறுபடி குனிந்தார். விமலராணிக்கு மாஸ்டரைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல் இருந்தது. சொல்லிவிடலாம். மாதா கோபிக்கமாட்டா, அவ தாய். ஆனால் இந்த மனிதன் கேட்கிற கடைசிச் சேதி, அறையில் யாரோ அடக்கமுடியாமல் விட்ட சிரிப்பாக இருந்துவிட்டால்? அவள் வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு கிர்ஸ்டன் வந்தாள். கப்பலில் ஆராய்ச்சி செய்கிறவள். ஆறடி உயரம், காற்றுப் பட்டுச் சிவந்த மூக்கு, நனைந்த மழைக்கோட்டு. எல்லோருக்கும் பொதுவாகத் தலையாட்டினாள். கட்டிலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், வலப்பக்கத்து வரிசையைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. கட்டிலின் பிரேக்கைக் காலால் மிதித்து விடுவித்து, முழுக் கட்டிலையும் சுவரிலிருந்து இழுத்தாள். குனிந்து நின்ற மாஸ்டர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். அவள் அந்த இடைவெளிக்குள் புகுந்து, இடது காதோடு வாயை வைத்து, கப்பல் தளத்தில் கதைக்கிறமாதிரி உரக்க டேனிஷில் கதைத்தாள்.

"ரட்ணம், கிர்ஸ்டன் வந்திருக்கிறேன். பனிக்கட்டி ஓரத்தில் விழுந்த அந்தக் கறுப்புப் பட்டை ஞாபகமா? நீ கூனி என்றாய், நான் கடல் நத்தை என்றேன். வலையில் வந்ததைப் பிரித்துப் பார்த்துவிட்டோம். நத்தைதான். கொஞ்ச நத்தைகள்தான், சத்தம் ஓட்டில் பட்டுத் திரும்பியதால் அவ்வளவு கறுப்பு. நீ தோற்றுவிட்டாய்."

"என்னவாம்?" என்றாள் மேரிசெலின்.

"பந்தயத்தில தோத்துப்போனாராம்."

"சாகக் கிடக்கிற மனுசனுக்கு வந்து சொல்லுற சேதியே இது!"

விமலராணி கிர்ஸ்டனிடம் திரும்பினாள். வயோதிபர் இல்லத்தில் வேலைசெய்து பழகிய டேனிஷில், ஏன் அந்தப் பக்கம் போனீர்கள் என்று கேட்டாள்.

"மற்றக் காது அவருக்குக் கேட்காதே" என்றாள் கிர்ஸ்டன், நேரம் சொல்கிறவள்போல. "கப்பலில் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு மேசையில் சுவர் ஓரத்து இடம் அவருக்குத்தான். வலப்பக்கம் யாரும் இருந்து கதைக்க முடியாதபடி."

"அவர் சொன்னவரா?"

"இல்லை. நாங்களும் கேட்கவில்லை."

விமலராணிக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். ஒரு கப்பல் முழுக்கத் தெரிந்த விஷயத்துக்கா இந்த மனுசன் என்னை மடு மாதாவைக் காட்டிப் பூட்டி வைத்தது! பிறகுதான் மாஸ்டர் தன்னையே பார்ப்பதைக் கவனித்தாள். மேரிசெலினுக்கு டேனிஷ் அவ்வளவு ஓடாது. ஆனால் மாஸ்டர் மொழி வகுப்புக்குத் தவறாமல் போகிறவர். அவருக்கு விளங்கிவிட்டது.

"வலக் காது கேளாதோ, பிள்ளை?"

அவள் ஆமென்று தலைகூட ஆட்டவில்லை. மாஸ்டரின் வாயையே பார்த்தாள். அந்த மீசையின் ஓரம் கொஞ்சம் துடித்தாலும் போதும், சிரிப்பு வருகிறதென்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

மாஸ்டர் செபப் புத்தகத்தை மூடினார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பருத்த உடம்பு, வயிற்றை எக்கிக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டாக நுழைந்தார். கிர்ஸ்டன் ஒதுங்கி இடம்விட்டாள். மேரிசெலின் மாஸ்டரையும் கட்டிலையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அவளும் கோட்டைக் கழற்றிவிட்டு, செபமாலையோடு பின்னால் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். முந்திய மாதம்வரை விமலராணியின் வாயைப் பற்றிக் கதை சொல்லித் திரிந்த அருள்நாயகியும் எழுந்தாள்.

மாஸ்டர் குனியப் போனவர், நிமிர்ந்தார். "நீர் வாரும் பிள்ளை. நீர்தான் சொல்லவேணும்."

அவள் அவர்களை இடித்துக்கொண்டு உள்ளே போய் முழந்தாளிட்டாள். அந்த இடது காது அவளுக்குப் பழகிய காது. மடல் சூடாக இருந்தது. மூன்று பெயர்களையும் சொன்னாள், அவசரப்படாமல், ஒவ்வொன்றாக. பிறகு எந்தச் செபத்திலும் இல்லாததைச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ. நான் சொல்லேல்லை. அவையளாத் தெரிஞ்சுகொண்டினம். எல்லாரும் இந்தப் பக்கம் வந்து நிக்கினம்." மடலை விரலால் தடவினாள். "ஒருத்தரும் சிரிக்கேல்லை."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரச் சுணங்கியது, வந்தது. அதற்கடுத்ததற்கு எல்லோரும் காத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாதி வந்தாள். நாடி பிடித்துப் பார்த்தாள். பிறகு, உயிர் பிரிந்தால் இங்கே வழக்கம் அப்படி, போய் யன்னலைத் திறந்துவிட்டாள். கீழே இருந்த ஹ்விடோவ்ரேத் தெருவின் சத்தம் உள்ளே வந்தது. திரும்பியவள் ஒரு கணம் நின்றாள். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த அந்த ஒடுங்கிய சந்துக்குள் அத்தனை பேரும் தோளோடு தோள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். வலப்பக்கத்து நாற்காலிகளில் கோட்டுகள் மட்டும் கிடந்தன.