எல்லா வேலைக்கும் ஒரே கத்தி

"என் சாவுக்கு இந்த ஒரு கத்தி போதும்டா மச்சான். பாடைக்கு மூங்கில் வெட்டுறதுலேர்ந்து புள்ளைக்கு மொட்டை அடிக்கிற வரைக்கும் இதுவே பாத்துக்கும். நான்கூட வரத் தேவையில்ல!"

முன்பொரு நாள் இப்படிச் சொன்ன வாசுதேவன் இன்று ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். வாசலில் அவர் மகன் ரஞ்சித்குமார் அதே கத்தியால் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தான். மைத்துனர் உலகநாதன் மூன்றடி தள்ளி நின்று இமைக்காமல் பார்த்தார். கண்ணில் நீர் வந்தது. இமைக்காததால் வந்த நீர்.

வாசுதேவன் முப்பத்தாறு வருடம் லேத் ஓட்டியவர். ரிட்டயரான பிறகு ஒருநாள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடாரம் போட்டிருந்த சென்னைப் பிள்ளைகளைப் பார்த்தார். ஒரு முட்டை வேகவைக்க அவர்களிடம் பதினேழு ஆயுதங்கள் இருந்தனவாம். காட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியிராத மனிதர், காட்டுக்குப் போகிற அத்தனை பேருக்கும் ஒரே கத்தி செய்வதென்று அன்றைக்கே இறங்கிவிட்டார். நாலு வருடம். அட்டையில் வெட்டிப் பார்த்த நாற்பத்தொரு மாதிரிகள். வீட்டுக் காலண்டரில் பின்பக்கம் கத்தி வரையாத தேதியே கிடையாது. கடைசியில் லாரிப் பட்டை இரும்பில் ஒன்று தேறியது. முனைப் பக்கம் மீன் வயிறு போல வளைவு, அது கறிக்கு. பிடியை ஒட்டி இரண்டு விரல் நீளம் நேர்விளிம்பு, அது குச்சி சீவ. முதுகு நாலு மில்லி கனம். மேலே கட்டையால் அடித்தால் விறகு பிளக்கும். பூவரசம் பிடி.

"எல்லா வேலையும் செய்யுற கத்தி ஒரு வேலையும் உருப்படியா செய்யாது மாமா" என்றார் உலகநாதன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தன் பேரன் காதுகுத்தில், முந்நூறு பேர் சாப்பிடும் பந்தியில், "சுத்தப் புளுகு" என்றும் சொன்னார். வாசுதேவன் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். எட்டு மாதம் பேச்சில்லை. நேற்று காலை மாரடைப்பு.

ஆகவே உலகநாதனுக்கு இன்று ஒரு ரம்பம் தேவைப்பட்டது. கத்திக்குத் துணையாக ஒளித்துவைத்த ரம்பமோ, பிளேடோ, அரிவாளோ, ஏதாவது ஒன்று அகப்பட்டால் எட்டு மாதமும் நியாயமாகிவிடும். அகப்படாவிட்டால்? அந்தப் பக்கம் அவர் யோசனையை விடவில்லை.

வெட்டிப் போட்ட மூங்கிலைப் புரட்டி ரம்பத்தின் பல் தடம் தேடினார். ரஞ்சித்தின் பையைத் திறந்து துழாவினார்.

"இன்னா மாமா தேடிகினு கீற?"

"கண்ணாடிடா."

"மூஞ்சிலதான கீது."

கொள்ளிச்சட்டிக்கு நெருப்பு வேண்டும். ரஞ்சித் தேங்காய் நாரை உதிர்த்து வைத்து, உரசினால் தீப்பொறி கக்கும் பொறிக்கம்பியைக் கத்தி முதுகால் ஒரே இழுப்பு இழுத்தான். தெருவுக்கே தீபாவளி. உலகநாதன் மிச்ச நாரை எடுத்து முகர்ந்தார். மண்ணெண்ணெய் வாசம் இல்லை.

புருஷனின் ஐஸ் பெட்டிப் பக்கமிருந்து உலகநாதனின் அக்கா ஞானம்பாள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். "டேய், அவரு பொய் சொன்னாரான்னு பாக்கத்தான் வந்தியா நீ?"

அவர் நாரைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

கடலோர மயானத்தில் சவரம் செய்ய வந்த ராஜாராம் கத்தியைப் பார்த்ததும் பின்வாங்கினார். "இன்னாப்பா இது, ஆடு அறுக்கிறதாட்டம் கீது! இதுல வழிச்சா அப்பனோட புள்ளையையும் சேத்துல்ல அனுப்பணும்?"

அன்று முழுக்க உலகநாதன் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான். "கேளுடா, தொழில் தெரிஞ்சவரு சொல்றாரு."

ரஞ்சித் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். "நீ வழிண்ணா. நைனா தீட்டி வெச்சது."

ராஜாராம் தன் முன்கையில் ஒரு இழுப்பு இழுத்தார். முடி ஊதிவிட்டதுபோலப் பறந்தது. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை நனைத்தார். அலைகூட ஒன்றிரண்டு வராமல் நின்று வேடிக்கை பார்த்தது.

"ரத்தம்!" என்று உலகநாதன் பாய்ந்தார்.

"அது கொசுக்கடி, அண்ணாத்த. சொறிஞ்சிகினு கீறாரு. கொஞ்சம் தள்ளு, வெளிச்சம் மறைக்குது."

மொட்டை முடிந்தது. ரஞ்சித் நீர்க்குடத்தைத் தோளில் ஏற்றினான். "கொடத்துல ஓட்டை போட மாமன் வாங்க" என்று யாரோ கத்தியை உலகநாதன் கையில் திணித்தார்கள்.

அதை அவர் தொடுவது இதுவே முதல் தடவை. ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் போதும், முதல் சுற்றிலேயே குடம் சுக்குநூறு. 'பாத்தீங்களா, நான் அன்னிக்கே சொன்னேன்' என்று மயானத்துக்கே கேட்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவர் ஓங்கவும் செய்தார்.

ரஞ்சித்தின் புது மொட்டை, ஒரு கீறல்கூட இல்லாமல், வெயிலில் மினுங்கியது.

கையை இறக்கினார். முனையைக் குடத்தில் ஊன்றி மெல்லத் திருகினார். சுண்டைக்காய் அளவுத் துளை. விரிசலில்லை. தண்ணீர் நூலாக மணலில் விழுந்தது. இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று.

கொள்ளி வைத்து, திரும்பிப் பார்க்காமல் எல்லாரும் குழாயடிக்கு வந்தபோது வாசுதேவனின் போன் அடித்தது. ரஞ்சித் எடுத்துப் பார்த்துவிட்டு, "நீ பேசு மாமா" என்று நீட்டினான்.

"சார், ஷ்யாம் பேசறேன், கோயம்புத்தூர். அந்தக் கேம்ப்பிங் கத்தி கேட்டிருந்தேனே. நிஜமாவே எல்லா வேலையும் செய்யுமா? நீங்க கொஞ்சம் ஓவரா சொல்றீங்களோன்னு ஒரு டவுட்."

"அவரால இப்போ பேச முடியாது. நான் அவரு மச்சான்."

"அப்ப நீங்களே சொல்லுங்க சார். நீங்க பாத்திருக்கீங்களா?"

காற்று புகையைக் கடல் பக்கம் சாய்த்தது. உலகநாதன் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"பாத்தேன் தம்பி. காலைலேர்ந்து கூடவே நின்னு பாத்தேன். எல்லாத்தையும் செஞ்சிச்சு."