நாலாம் நம்பர் பிரஸ்ஸின் முதல் அடி

ஆயுத பூஜை வந்துவிட்டால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மனிதர்களைவிட எந்திரங்களுக்குத்தான் மவுசு. வருஷம் முழுக்க எண்ணெயும் அழுக்குமாகக் கிடந்த லேத்தும் டிரில்லிங் மெஷினும் அன்றைக்குக் குளித்து முழுகி, சாமந்தி மாலை போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நிற்கும். வேலை வாங்குகிறவர்கள் அன்று ஒரு நாளாவது அவற்றைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

ரகுநாதன் பட்டறையில் அந்தக் காலையில் எந்திரங்களைவிட விறைப்பாக ஒருத்தி இருந்தாள். கனிமொழி. மாம்பழக் கலர் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. நெமிலிச்சேரியிலிருந்து எட்டரை மணி ரயிலில் புருஷன் கிருபாகரனையும் மகள் நிவேதிதாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வழியெல்லாம் புருஷன் கிண்டல் செய்தான். "இன்னா கனி, மெஷினுக்குப் பூஜையா, உனுக்குப் பூஜையா?" அவள் சிரித்தாளே தவிர மறுக்கவில்லை.

பெருமைப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. பூஜை முடிந்ததும், இரும்பை அடித்து வளைக்கிற நாலாம் நம்பர் பிரஸ்ஸில் ஒரு தகட்டை வைத்து, அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து ஒரே ஒரு அடி அடிப்பார்கள். பழம் நசுங்கி, தகடு பிசிறில்லாமல் வளைந்து வந்தால் அந்த வருஷம் நல்ல வருஷம். அதற்கு முதல் அடி என்று பெயர். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து அதை ஃபோர்மேன் மனோகரன்தான் போட்டுவந்தார். இந்த வருஷம் முதலாளி ரகுநாதன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "முதல் அடியைக் கனிமொழி போடட்டும். பதினோரு வருஷமா அந்த மெஷின்ல உட்காருறாங்க. கையில ஒரு கீறல் கிடையாது."

பிரஸ் ஓட்டுகிறவருக்குப் பத்து விரலும் பத்திரமாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மனோகரனையே கேட்டால் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே நாலாம் நம்பர் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம்தான் பட்டறைக்குப் புத்தி வந்தது. பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் முழ உயரத்தில் ஒவ்வொரு கம்பம் நட்டார்கள். ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடிக்கொண்டே இருக்கும். குறுக்கே கை போனாலும் சரி, புடவைத் தலைப்பு போனாலும் சரி, எந்திரம் அடிக்காது. சென்சார் என்பார்கள். ரிப்பேர் பார்க்கும்போது மட்டும் அதன் வேலையை நிறுத்திவைக்க ஒரு பைபாஸ் சாவி உண்டு. அது மனோகரனின் சாவிக்கொத்தில் இருந்தது.

தன் எந்திரத்தைக் கனிமொழி வேறு யாரையும் தொடவிடவில்லை. அவளே துடைத்தாள், அவளே மாலை போட்டாள், ஒரு கிண்ணம் சந்தனத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு பார்த்த இடத்திலெல்லாம் பொட்டு வைத்தாள். பட்டனுக்குப் பொட்டு, விளக்குக்குப் பொட்டு, கம்பத்துக்குப் பொட்டு. ஒவ்வொன்றின்மேலும் குங்குமம்.

பூஜை நன்றாகத்தான் நடந்தது. முதலாளியின் மனைவி லாவண்யா கற்பூரம் காட்டினாள். பூசணிக்காய் உடைத்தார்கள். புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் அடி விழுந்துவிட வேண்டும். பதினொன்றே முக்காலுக்குக் கனிமொழி ஸ்டூலில் உட்கார்ந்தாள். வேலைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், குழந்தைகள் என்று நாற்பது பேர் பிரஸ்ஸை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ரகுநாதன் பக்கத்தில் நின்று தகட்டை வைத்தார், பழத்தை வைத்தார். அவள் முருகனை நினைத்துக்கொண்டு இரண்டு பட்டன்களையும் இரண்டு கையால் அமுக்கினாள்.

எந்திரம் அசையவில்லை.

மறுபடியும் அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். மனோகரன் ஃபியூஸைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், எலக்ட்ரீஷியன் லீவில் ஊருக்குப் போயிருப்பதை நினைத்து அவனைத் திட்டினார். பிறகு சாவிக்கொத்தை எடுத்தார்.

"சென்சார் மக்கர் பண்ணுது. பைபாஸ் போட்டுக்கீறேன். நீ அடிம்மா."

விளக்கு மஞ்சளுக்கு மாறியது. கனிமொழி பட்டன்மேல் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணே, பைபாஸ்ல நான் அடிக்க மாட்டேன்."

"ஒரே ஒரு அடிம்மா! உன் ரெண்டு கையும் பட்டன்மேலதான இருக்கப்போவுது? உனுக்கு இன்னா ஆயிடப்போவுது?"

"என் கை பட்டன்மேல கீது. மத்தவங்க கை எங்க கீதுன்னு எனக்கு இன்னாண்ணே தெரியும்?"

"நல்ல நாளும் அதுவுமா யாரும்மா உள்ள கை வைக்கப்போறாங்க?" என்றார் ரகுநாதன். அவர் குரலில் எரிச்சல் வந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் எட்டு நிமிஷம்தான் இருக்கு. போடுறீங்களா, இல்லையா?"

இந்த இடத்தில் நாமாக இருந்தால் போட்டிருப்போம். ஒரே ஒரு அடி. கேட்கிறவர் முதலாளி. எதிரே பெற்ற மகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவை கிடைத்த மரியாதை. கனிமொழிக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அவளுக்கு ஒன்று தெரியும். சாதாரண நாளில் இந்தச் சாவியைப் போட்டுக்கொண்டு யாராவது ஓட்டினால் அவளே சண்டைக்குப் போவாள். நல்ல நாள் என்பதற்காக இரும்பு இளகிவிடாது.

"மாட்டேன் சார்," என்றாள்.

"சரி, எழுந்துக்கோங்க. மனோகரா, வழக்கம்போல நீயே போடு."

அவள் எழுந்தாள். ஸ்டூலைவிட்டு எழும்போதெல்லாம் செய்வதைப்போல எந்திரத்தின் பெரிய சிவப்புக் குமிழை உள்ளங்கையால் அமுக்கிவிட்டு எழுந்தாள். அதை அமுக்கினால் எந்திரம் அடிக்காது, திருகி வெளியே இழுத்தால்தான் மறுபடி உயிர் வரும். டீ குடிக்கப் போனாலும் அமுக்குவாள், தண்ணீர் குடிக்கப் போனாலும் அமுக்குவாள். "ஊட்டப் பூட்டிகினு போறா பாரு" என்று மற்றவர்கள் கேலி செய்வது வழக்கம். இப்போது மாலைகளுக்கு நடுவே அவள் அமுக்கியதை யாரும் கவனிக்கவில்லை. மோட்டார் நின்ற பிறகும் பெரிய சக்கரம் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் காதைப் பிளந்தது.

கிருபாகரன் அவள் காதருகே, "இன்னா கனி, கைக்கு வந்தத உட்டுட்டியே," என்றான். நிவேதிதாவின் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மனோகரன் அவசரமாக உட்கார்ந்து இரண்டு பட்டன்கள்மேலும் கையை வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தகட்டின்மேல் இருந்த எலுமிச்சம்பழம் மெல்ல உருண்டது. பக்கத்தில் நின்ற ரகுநாதன் அது கீழே விழாமல் இருக்க, பூஜைத் தட்டில் பூவை எடுத்து வைக்கிற மாதிரி, இயல்பாகக் கையை உள்ளே நீட்டினார்.

மனோகரன் அமுக்கினார்.

டக், டக் என்று இரண்டு பட்டன்களும் கீழே போன சத்தம் கேட்டது. அவ்வளவுதான். எந்திரம் வரவில்லை.

"தூ, இப்பவும் இன்னா கேடு இதுக்கு!" என்று மனோகரன் திரும்பினார். திரும்பியவர் அப்படியே உறைந்துபோனார். முதலாளியின் கை மணிக்கட்டு வரைக்கும் பிரஸ்ஸின் வாய்க்குள் இருந்தது. விரல்களுக்கு நடுவே எலுமிச்சம்பழம்.

லாவண்யா அலறிக்கொண்டு ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ நாதஸ்வரத்தை நிறுத்தினார்கள். மனோகரன் பட்டன்களிலிருந்து கையை எடுத்தார்.

"நான் அமுக்கிட்டேன் சார்," என்றார். "நான் ரெண்டையும் அமுக்கிட்டேன். ஏன் அடிக்கல?"

கனிமொழி மாலையை விலக்கிக் காட்டினாள். சிவப்புக் குமிழ் உள்ளே போயிருந்தது.

"எழுந்துக்கும்போது அமுக்கினேன்," என்றாள். "எப்பவும் அமுக்குறதுதான்."

யார் உள்ளே கை வைக்கப்போகிறார்கள் என்று ரகுநாதன் கேட்டு முழுசாக ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அவர் மனோகரனிடம் கையை நீட்டினார். மனோகரன் பைபாஸ் சாவியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். வைத்துவிட்டு, நாற்பது பேர் பார்க்க, அந்தக் கையைத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு அழுதார். தன் விரல்கள் போனபோதுகூட அவர் அப்படி அழுததில்லை என்று பழைய ஆட்கள் பிற்பாடு சொன்னார்கள்.

"பொண்ணுன்னா இவ பொண்ணு" என்று கூட்டத்தில் பேச்சு கிளம்பியது. கிருபாகரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தானே குமிழை அமுக்கிய மாதிரி நின்றான். கனிமொழி மட்டும் பாராட்டைக் காதில் வாங்காமல் குனிந்து வலது கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்சாருக்கு என்னதான் கேடு என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். கம்பத்தின் உட்பக்கம், ஒளி வருகிற கண்ணாடியின்மேல், காலணா அளவுக்குச் சந்தனம். நடுவில் குங்குமம்.

ஆனைக்கும் அடி சறுக்கும். புடவைத் தலைப்பால் சத்தமில்லாமல் துடைத்துவிட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் அவளைச் சந்தேகப்படவும் யாருமில்லை. அவள் நிமிர்ந்தாள்.

"சார், மெஷின் மேல தப்பில்ல. நான்தான் அழகு பார்க்கறேன்னு அதோட கண்ணுமேலயே பொட்டு வெச்சிருக்கேன். ஒளி போக வழியில்ல. அதான் அடிக்க மாட்டேன்னு நின்னுது. அது அதோட வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்குது."

முதலில் சிரித்தவர் ரகுநாதன். பயம் விட்டுப்போகிறபோது வருகிற சிரிப்பு. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பூஜை அன்றைக்குக் குங்குமத்தை அழிப்பதா என்று எல்லோரும் தயங்கினார்கள். லாவண்யா தயங்கவில்லை. முன்னால் வந்து, அந்தச் சந்தனத்தை விரலால் வழித்துக் கனிமொழியின் நெற்றியில் வைத்தாள். மிச்சத்தை ஈரத்துணியால் துடைத்தாள். விளக்கு பச்சையானது. மணி பன்னிரண்டு ஐந்து.

"ராகு காலம் வந்துடுச்சே சார்," என்றது ஒரு குரல்.

"முடியட்டும். ஒண்ணரைக்கு மேல அடிக்கலாம்," என்றார் ரகுநாதன். "அவங்கதான் அடிப்பாங்க. அவசரம் இருக்கறவங்க பொரி கடலை வாங்கிகிட்டுக் கெளம்பலாம்."

ஒருவரும் கிளம்பவில்லை. ஒன்றரை மணி நேரம் நாற்பது பேரும் சர்க்கரைப் பொங்கலையும் சுண்டலையும் சாப்பிட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மனோகரன் உட்காரவில்லை. ஈரத்துணியோடு மற்ற பிரஸ்களின் கம்பங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தார்.

ஒன்று முப்பத்தைந்துக்குக் கனிமொழி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிவப்புக் குமிழைத் திருகி வெளியே எடுத்தாள். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. புதுப் பழம் வைத்தாயிற்று. சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. மனோகரன் நடுவில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாரும் போனக் கீழ வெச்சிட்டு ரெண்டு கையையும் மேல தூக்குங்க. கொயந்தைங்க, பெரியவங்க, மொதலாளி, எல்லாருந்தான். ஒரு கை பாக்கி இருந்தாலும் அடி வியாது."

சன்னிதியில் திரை விலகும்போது உயருகிற மாதிரி எல்லாக் கைகளும் உயர்ந்தன. ரகுநாதனின் கை, லாவண்யாவின் வளையல் கை, நிவேதிதாவின் மருதாணிக் கை, எல்லாவற்றுக்கும் மேலே மூன்று விரல்களோடு மனோகரனின் கை. கனிமொழி பச்சை விளக்கைப் பார்த்தாள். அந்தக் கைகளை ஒரு சுற்று நிதானமாகப் பார்த்தாள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. முதல் அடி போடுவதற்காக அல்ல, தான் அடிக்கும்போது ஒவ்வொருவரின் கையும் எங்கே இருக்கிறது என்று இந்தத் தடவை தெரிந்திருந்ததற்காக. இரண்டு பட்டன்களையும் சேர்த்து அமுக்கினாள்.

தரை அதிர்ந்தது. எலுமிச்சை வாசனை பட்டறை முழுக்கப் பரவியது. அந்த அடியை ஒருவரும் படம் பிடிக்கவில்லை. பிடிப்பதற்கு ஒரு கைகூடச் சும்மா இல்லை.